கடல் கொண்ட ஊரும் கலங்கரை விளக்கமும்

பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்பொழுது நீர்ப்பெயற்றுத் துறையின் கலங்கரை விளக்கத்தைச் சொல்லும் பகுதியில் நாம் சற்றுக் கூடுதலாகவே நின்றுவிடுவது வழக்கம். ஏணி சாத்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடம், அதன் உச்சியில் இரவில் எரியும் நெருப்பு, அதைக் கண்டு துறை நாடி வரும் மரக்கலங்கள் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் தீட்டும் காட்சி, எத்தனை முறை நடத்தினாலும் அலுப்பதில்லை. அண்மையில் அப்படி நடத்திக்கொண்டிருந்தபொழுது கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "போர் வந்தால் அந்த விளக்கை அணைத்துவிடுவார்களா ஐயா?" என்று கேட்டார். பாடத்திட்டத்திற்குள் அடங்காத வினா. ஆயினும் தள்ளிவிட இயலாத வினா. அதற்கு விடை தேடிப் போன நாம் சங்க இலக்கியத்தை விட்டு வெகுதொலைவு விலகி, வட கடலின் ஓரத்தில் ஒரு சிற்றூரில் போய் நின்றோம். அவ்வூரைப் பற்றியதே இக்கட்டுரை.

ஊரின் பெயர் வெஸ்ட்கபெல்லெ. நெதர்லாந்து நாட்டின் தென்மேற்கு மூலையில் ஸீலாந்து என்றொரு மாகாணம் உண்டு. கடல்நாடு என்பதே அச்சொல்லின் பொருள். அலைகளிலிருந்து எழும் சிங்கம் அம்மாகாணத்தின் சின்னம். 'போராடி எழுகிறேன்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடர் அதன் முழக்கம். அதிலுள்ள வால்கெரன் என்னும் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது இவ்வூர். தீவை ஒரு தட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். விளிம்பில் மணல்மேடுகள் உயர்ந்து நிற்க, நடுவில் உள்ள வயல்வெளியின் பெரும்பகுதி உயர் ஓதத்தின் மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது. மேற்கு முனையில் மட்டும் மணல்மேடுகளைக் கடல் என்றோ அரித்துத் தின்றுவிட்டது. அந்த இடைவெளியை மனிதர் ஓர் அணை கட்டி அடைத்தனர். அந்தக் கடலணையின் மடியிலேதான் வெஸ்ட்கபெல்லெ ஒடுங்கிக் கிடந்தது. அணையைப் பேணுவதே தலைமுறை தலைமுறையாக அவ்வூர் ஆடவரின் தொழில். கல் அடுக்குவதும், வைக்கோல் வேய்ந்து மண்ணைக் காப்பதும், மரமுளை அடிப்பதும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கல்வி. நம் ஊர்களில் ஏரிக்கரை காத்த குடிகளை நினைத்துக்கொண்டால் அவர்களை ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம்.

அவ்வூரின் கலங்கரை விளக்கம் முதலில் கலங்கரை விளக்கமாகக் கட்டப்பட்டதன்று. எட்டாம் நூற்றாண்டில் மறைந்த வில்லிபிரார்டு என்னும் கிறித்தவத் துறவி வால்கெரனுக்கு வந்து ஆங்கிருந்த தெய்வச் சிலையை உடைத்தார் என்பது பழைய வரலாறு. அது நிகழ்ந்தது வெஸ்ட்கபெல்லெயிலேதான் என்பது ஊர் மரபு. அவர் பெயரால் பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கு ஒரு தேவாலயம் எழுந்தது. அதன் செங்கற் கோபுரம் ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. நான்கு பக்கமும் கனத்த முட்டுச்சுவர்கள் தாங்க, அழகைக் காட்டிலும் உறுதியையே பெரிதெனக் கருதிக் கட்டியது போன்ற தோற்றம். 1818இல் அதன் உச்சியில் விளக்கேற்றினர். 1831இல் தேவாலயம் தீப்பற்றி எரிந்து போயிற்று. கோபுரம் மட்டும் தனித்து நின்றது. இறைவனுக்கென எழுந்தது மாலுமிகளுக்கென நிலைத்தது. பின்னர் 1875இல் அணையின் மேலேயே இரும்பினால் சிறியதொரு விளக்குக் கோபுரமும் அமைத்தனர். இரண்டு விளக்குகளையும் ஒரே நேர்கோட்டில் கண்டு, ஷெல்ட் ஆற்றின் முகத்துவாரத்திற்குள் கப்பல்கள் நுழையும்.

ஓவியம் பயின்றோர் இக்கோபுரத்தை அறிவர். பின்னாளில் கட்டங்களும் நேர்கோடுகளுமாக வரைந்து புகழ்பெற்ற பியெட் மோந்திரியான், 1908 முதல் சில கோடைக்காலங்களை அருகிலுள்ள டோம்பர்க் ஊரில் கழித்தார். அந்நாட்களில் இக்கோபுரத்தை மீண்டும் மீண்டும் தீட்டினார். வெயிலில் இளஞ்சிவப்பாகவும் ஆரஞ்சாகவும் எரிவது போன்ற கோபுரம் அவர் படங்களில் நிற்கிறது. நாம் இவ்வூரை முதன்முதலில் கண்டதும் அப்படங்களின் வழியாகத்தான்.

தமிழருக்கும் இத்தீவிற்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளை மன்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று வால்கெரனின் தலைநகரான மிடில்பர்க்கில் இயங்கிற்று. பழவேற்காட்டிலும், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்திலும் கோலோச்சிய கம்பெனி அதுதான். சோழமண்டலக் கரையின் துணிப்பொதிகளை ஏற்றிக்கொண்டு மிடில்பர்க் திரும்பிய கப்பல்கள் கடலிலிருந்தே வெஸ்ட்கபெல்லெக் கோபுரத்தைத் தேடியிருக்கும். அன்று அதன் உச்சியில் விளக்கில்லை என்றாலும், தட்டையான அந்நிலத்தில் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம் அதுவே.

இனிப் போருக்கு வருவோம். 1940 மே மாதம் ஜெர்மானியர் நெதர்லாந்தின் மீது பாய்ந்தனர். நாட்டின் ஏனைய பகுதிகள் ஐந்து நாட்களில் பணிந்தன. பிரெஞ்சுப் படையினரின் துணையோடு ஸீலாந்து இரண்டு நாட்கள் கூடுதலாக நின்றது. மே 17ஆம் நாள் மிடில்பர்க்கின் பழைய நகரம் தீக்கிரையானது. அதன்பின் நான்காண்டுகள் அடிமை வாழ்வு. ஹிட்லரின் அட்லாண்டிக் அரணில் வால்கெரன் முக்கியமான கண்ணி. மணல்மேடுகளில் காங்கிரீட் பதுங்கரண்களும் பீரங்கித் தளங்களும் முளைத்தன. வெஸ்ட்கபெல்லெக்குத் தெற்கிலும் வடக்கிலும் பீரங்கிகள் கடலை நோக்கி வாய் திறந்து நின்றன. கலங்கரை விளக்கம் கண்காணிப்புக் கோபுரமாயிற்று. கப்பல்களை அழைப்பதற்கென ஏற்பட்ட உயரம், கப்பல்களைச் சுடுவதற்குக் குறி சொல்லும் உயரமானது. மாணவரின் வினாவிற்கு இதுவே முதல் விடை. விளக்கை அணைப்பதோடு போர் நிற்பதில்லை.

இவ்வூரின் கதி முடிவானது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில். 1944 செப்டம்பர் 4ஆம் நாள் பிரிட்டிஷ் படை அந்நகரைக் கைப்பற்றிற்று. துறைமுகத்தின் பாலங்களும் மதகுகளும் பாரந்தூக்கிகளும் பெரிதும் சேதமின்றிக் கிடைத்தன. நார்மண்டியிலிருந்து லாரிகளில் எண்ணெயும் உணவும் சுமந்துவந்து கொண்டிருந்த நேச நாட்டுப் படைகளுக்கு இது பெரும்பேறு. ஆனால் ஆன்ட்வெர்ப்பிலிருந்து கடலுக்குச் செல்லும் ஷெல்ட் ஆற்றின் இரு கரைகளும் ஜெர்மானியரிடமே இருந்தன. வாயில் பூட்டியிருக்க, வீட்டுக்குள் இருந்து என்ன பயன்? கடற்படைத் தளபதி ராம்சே இதனை முன்கூட்டியே எச்சரித்தார். தரைப்படைத் தளபதி மொன்ட்கோமரியின் கருத்தோ ரைன் நதியைத் தாண்டிப் பாய்வதில் இருந்தது. ஆர்ன்ஹெம் பாலத்தில் முடிந்த அந்தப் பெருந்தோல்வியில் செப்டம்பர் மாதம் கழிந்தது. அந்த இடைவெளியில் எண்பதாயிரத்திற்கும் மேற்பட்ட ஜெர்மானிய வீரர்கள் ஷெல்ட்டைக் கடந்து தப்பினர். ஆற்றின் கரைகள் மேலும் வலுவடைந்தன. மொன்ட்கோமரி பிற்காலத்தில் தம் நினைவுக்குறிப்பில் தம் பிழையை ஒப்புக்கொண்டார். போர்த்தளபதிகள் பிழையை ஒப்புக்கொள்வது அரிது என்பதால் அவரைப் பாராட்டலாம். ஆனால் அப்பிழைக்கு விலை கொடுத்தவர்கள் பட்டியலில் வெஸ்ட்கபெல்லெ ஊராரும் உண்டு என்பதே நம் கருத்து.

வால்கெரனைப் பிடிக்கும் பொறுப்பு கனடியப் படையின் பொறுப்புத் தளபதியாக இருந்த கை சைமண்ட்ஸிடம் வந்தது. அவர் ஒரு வழி சொன்னார். கடலணையைக் குண்டு வீசி உடைத்துத் தீவையே மூழ்கடித்துவிட வேண்டும். உள்நிலம் நீரானால் ஜெர்மானியர் விளிம்பு மணல்மேடுகளில் சிறைப்படுவர். உடைப்பின் வழியே நீரிலும் நிலத்திலும் ஓடும் ஊர்திகள் உள்ளே நுழையலாம். அத்தனை பருத்த அணையைக் குண்டுகளால் உடைக்க இயலாது என்று பொறியாளர் சிலர் ஐயுற்றனர். இயலும் என்றது விமானப்படை. ஐசன்ஹோவர் ஒப்புதல் அளித்தார்.

அக்டோபர் 2ஆம் நாள் வானொலியும் வானிலிருந்து விழுந்த துண்டறிக்கைகளும் ஷெல்ட் முகத்துவாரத் தீவுகளின் மக்களை உடனே வெளியேறுமாறு எச்சரித்தன. எந்த ஊரில், எப்போது என்ற விவரம் இல்லை. எங்கே போவது? தீவை நிலத்தோடு இணைத்தது ஒரே ஒரு குறுகிய கரைப்பாதை. அதுவும் பகைவர் கையில். கிழவர்களும் மாடுகன்றுகளும் உள்ள வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓர் இரவில் கிளம்பிவிட எவரால் முடியும்? சிலர் போயினர். பெரும்பாலோர் தங்கினர்.

மறுநாள், 1944 அக்டோபர் 3. உயர் ஓதக் காலம் பார்த்துக் குறித்த நாள் அது. நண்பகல் கடந்த வேளையில் லங்காஸ்டர் விமானங்கள் அலை அலையாக வந்தன. அனுப்பப்பட்டவை ஏறத்தாழ 250. அணை பிளந்துவிட்டமையால், பின்னால் மிகப்பெரிய குண்டுகளோடு காத்திருந்த தனிப் படையணி குண்டு வீசாமலே திரும்பிற்று. ஏறத்தாழ நூறு கெஜம் அகலத்திற்குக் கடல் உள்ளே பாய்ந்தது. விமானப்படைக்கு அது ஒரு சேதமும் இல்லாத வெற்றி.

கீழே இருந்தவர்களின் கணக்கு வேறு. அணையும் ஊரும் ஒன்றையொன்று ஒட்டி நின்றமையால் அணையின் மீது வீசியவை ஊரின் மீதும் விழுந்தன. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊரில் அன்று ஒரே நாளில் 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊரின் மாவு ஆலையொன்றின் அடித்தளம் உறுதியானது என்று நம்பி நாற்பதுக்கும் மேற்பட்டோர் அதனுள் ஒண்டினர். குண்டு விழுந்து வழி அடைபட்டது. உள்ளிருந்தவர்களில் பலர் உயிரோடுதான் இருந்தனர். வெளியிலிருந்தோர் இடிபாட்டை அகற்ற முயன்றுகொண்டிருக்கையிலேயே ஓதம் ஏறிற்று. பிழைத்தவர் மிகச் சிலர்.

இவ்விடத்தில் நாம் பலமுறை படிப்பதை நிறுத்தினோம். குண்டடி பட்டு மடிவது போரில் நேர்வது. நீர் கணுக்கால், முழங்கால், மார்பு என ஏறுவதை இருட்டில் உணர்ந்துகொண்டிருப்பது வேறு. அதிலும், அந்த நீரைத் தடுப்பதையே தலைமுறைகளாகத் தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். குண்டு வீசியவர்களோ, அவர்கள் நான்காண்டுகளாக எதிர்பார்த்துக் காத்திருந்த மீட்பர்கள்.

அடுத்தடுத்த நாட்களில் விளிஸிங்கன் அருகிலும் ரிட்டெம் அருகிலும் வேரெ அருகிலும் அணைகள் உடைக்கப்பட்டன. வெஸ்ட்கபெல்லெ உடைப்பை மேலும் அகலப்படுத்த மீண்டும் விமானங்கள் வந்தன. நாளொன்றுக்கு இருமுறை கடல் தீவுக்குள் வந்து சென்றது. சற்று மேடான மிடில்பர்க் நகரில் அகதிகள் நெருக்கியடித்துக் கிடந்தனர். நம் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையை மணிமேகலை சொல்கிறது. மகனை இழந்த துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்தான். தெய்வச் சினத்தால் கடல் எழுந்தது. அங்கே ஒரு காரணமும் அதற்குரிய குற்றமும் உண்டு. வெஸ்ட்கபெல்லெ மக்கள் எந்த விழாவை மறந்தனர்?

நவம்பர் 1ஆம் நாள் காலை பிரிட்டிஷ் கடற்படை அந்த உடைப்பை நோக்கி வந்தது. தொலைவிலிருந்து வார்ஸ்பைட் என்னும் பழம்பெரும் போர்க்கப்பல் சுட்டது. இங்கிலாந்தில் மூடுபனி, வரவேண்டிய கனரக விமானங்கள் வரவில்லை. கடல்நீரால் நனையாத மணல்மேட்டுப் பீரங்கிகள் முழு வலிமையோடு இருந்தன. கரையேறும் படகுகளுக்குத் துணையாகச் சென்ற சிறு பீரங்கிக் கலங்கள் இருபத்தேழு. அவற்றின் தலைவர் செல்லர் ஒன்றைக் கவனித்தார். ஜெர்மானியர், வீரர்களை ஏற்றி வந்த படகுகளை விட்டுவிட்டுத் தம் கலங்களையே குறிவைக்கின்றனர். அவ்வாறாயின் அவர்கள் தொடர்ந்து தம்மையே சுடட்டும் என்று முடிவு செய்து கரைக்கு மிக அருகில் போய் நின்றார். ஒன்பது கலங்கள் மூழ்கின, பதினொன்று செயலிழந்தன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த விலையில்தான் கமாண்டோக்கள் உடைப்பின் இருபுறமும் கால் வைத்தனர். பிரிட்டிஷ் கடற்படைக் கமாண்டோக்களோடு பெல்ஜியரும் நார்வேயினரும் அவர்களில் இருந்தனர். இடிபாடுகளுக்கு நடுவே நின்ற கோபுரத்திலிருந்து ஜெர்மானியக் கண்காணிப்பாளர் இன்னும் குறி சொல்லிக்கொண்டிருந்தனர். டாங்கிகள் அதன் மீது சுட்டன; உள்ளிருந்தோர் சரணடைந்தனர். ஐந்நூறாண்டுச் செங்கல் அசையவில்லை.

எஞ்சிய போரை விரைந்து சொல்லிவிடலாம். மலைப்போருக்கெனப் பயிற்சி பெற்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்று கடல்மட்டத்திற்குக் கீழுள்ள இத்தீவில் போரிட நேர்ந்தது. போருக்கே உரிய நகைச்சுவை. நவம்பர் 6இல் ஜெர்மானியத் தளபதி டாசர் மிடில்பர்க்கில் பணிந்தார். ஆற்றின் கண்ணிவெடிகளை அகற்றியபின் நவம்பர் 28இல் முதல் கப்பல் அணி ஆன்ட்வெர்ப்பை அடைந்தது. முன்னால் சென்றது கனடாவில் கட்டிய கப்பல். ஷெல்ட் போரில் நேச நாட்டுப் படைகள் இழந்தோர், காயமுற்றோரும் காணாமற்போனோரும் உட்பட 12,873 பேர். அவர்களில் 6,367 பேர் கனடியர். ஆயினும் துறைமுகத்தின் வரவேற்பு விழாவிற்குக் கனடியப் படைக்கு அழைப்பில்லை.

மூழ்கடித்தது சரியா? ஆன்ட்வெர்ப் திறவாதிருந்தால் போர் நீண்டிருக்கும். அந்த நீட்சியில் மாண்டிருக்கக்கூடியவர்களையும் எண்ணவேண்டும் என்பர் ஒரு சாரார். தள்ளத்தக்க வாதம் அன்று. அவ்வாண்டுப் பனிக்காலத்தில் நெதர்லாந்தின் மேற்கு நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் பசியால் மடிந்தனர் என்பதையும் நாம் அறிவோம். உடைப்பின் வழியே ஊர்திகள் நுழைந்ததும் உண்மையே. எனினும், கப்பல்களைச் சிதைத்த முதன்மைப் பீரங்கிகளை வெள்ளம் தொடவில்லை. ஆகவே வெள்ளத்தின் போர்ப்பயன் சொல்லப்பட்ட அளவிற்கு இருந்ததா என்னும் ஐயம் நமக்கு நீங்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் ஆற்றின் கரையைப் பிடிக்க முனைந்திருந்தால் அக்டோபரில் இந்தக் கேள்வியே எழுந்திராது என்பதில் மட்டும் ஐயமில்லை. சைமண்ட்ஸைக் குறை கூறுவதைவிட, அவரிடம் அந்தச் சுமையை விட்டுச்சென்றவர்களைக் குறை கூறுவதே முறை. எச்சரிக்கையில் ஊரின் பெயரைச் சொல்லியிருந்தால் பகைவர் விழித்துக்கொள்வர் என்பது படைநெறி. அதை நாம் அறிவால் ஏற்கிறோம்; மனத்தால் ஏற்க இயலவில்லை.

உடைப்புகளை அடைப்பது உடைத்ததைவிடக் கடினமாயிற்று. ஓதம் நாள்தோறும் வாய்களை ஆழமாக்கிக்கொண்டே போயிற்று. நாடே கப்பலுக்கும் கல்லுக்கும் தவித்த காலம். நார்மண்டித் தரையிறக்கத்திற்கெனச் செய்து மிஞ்சிய காங்கிரீட் பெட்டிகளை இழுத்து வந்து மூழ்கடித்தனர்; பழைய கப்பல்களையும் மூழ்கடித்தனர். வெஸ்ட்கபெல்லெ உடைப்பு 1945 அக்டோபரில் அடைபட்டது. கடைசி உடைப்பு 1946 பிப்ரவரியில். அந்தப் பணியில் இருந்த டென் டோலார்டு என்னும் எழுத்தாளர் 1947இல் இதையே நாவலாக்கினார். 1953 பெருவெள்ளத்தில் ஸீலாந்தின் பிற தீவுகள் அழிந்தபொழுது, வால்கெரனில் கற்ற இவ்வித்தையே மீண்டும் கைகொடுத்தது.

நீர் வடிந்த நிலத்தில் மரங்கள் பட்டுப்போய் நின்றன. உப்பேறிய மண்ணில் ஜிப்சம் இட்டு மழைநீரால் கழுவினர். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். ஜிப்சத்தின் கால்சியம் அதனை விலக்கி மண்ணை நெகிழ்த்தும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்ட வயல்களுக்கும் இதே மருந்து பரிந்துரைக்கப்பட்டதை நம் வாசகர் சிலர் நினைவுகூரக்கூடும். பழைய ஒல்லாந்தக் கோட்டை இருந்த நாகைக்கு உப்பு நீர் வந்ததும், உப்பு மண்ணை மீட்கும் முறை ஒல்லாந்தரும் கண்டதாக இருந்ததும் தற்செயல்தான். ஆயினும் அந்தச் செய்தியைப் படித்தபொழுது நமக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஊர் மீண்டும் கட்டப்பட்டது. கடல் அரித்த பள்ளம் அணைக்கு உட்புறம் ஓர் ஓடையாக இன்றும் கிடக்கிறது. அணைமேல் ஒரு ஷெர்மன் டாங்கி நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1875இன் இரும்புக் கோபுரம் தன் இடத்தில் இருக்கிறது. பெரிய கோபுரத்தில் மீண்டும் விளக்கு எரிகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 3 அன்று ஊரார் இறந்தோரை நினைவுகூர்கின்றனர். விடுதலைக்கு உரியது நவம்பர் நாள். இரண்டையும் அவர்கள் ஒன்றாகக் கலப்பதில்லை.

அடுத்த வகுப்பில் இவற்றையெல்லாம் சொல்லி முடித்து, மோந்திரியானின் ஓவியத்தையும் கோபுரத்தின் நிழற்படத்தையும் காட்டினோம். அந்த மாணவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோபுரம் இருக்கிறது ஐயா, கோயில் எங்கே?" என்றார். 1831இன் தீயைப் பற்றிச் சொல்ல மறந்திருந்தோம்.